மதகுக்கு இரண்டு பூட்டு

அரியந்தாங்கல்,
ஒலக்கூர் வழி.
21-11-1960

அன்புத் தங்கை கிருஷ்ணவேணிக்கு, அண்ணன் விருத்தாசலம் ஆசீர்வதித்து எழுதுவது.

ஏரி உடையாமல் நின்றுவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீ விழுப்புரத்தில் சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பாய்.

நீ கரைமேல் குடையைப் பிடித்துக்கொண்டு அந்த ரோமாபுரிக் கதையைச் சொல்லாமல் இருந்திருந்தால் இந்நேரம் ஊர் மிதந்திருக்கும். கரை கசிகிறது, தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது, நாங்களோ மதகைத் திறக்கலாமா கூடாதா என்று கத்திக்கொண்டிருக்கிறோம். எவன் செய்த ஏற்பாடோ, ஒரு மதகுக்கு இரண்டு பூட்டு! தலைமடைக்காரர் சாவி நம் வீட்டில், கடைமடைக்காரர் சாவி சின்னபொண்ணு வீட்டில். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான் மதகு திறக்கும். ஒருத்தர் மாட்டேன் என்றால் மூடியே கிடக்கும். வெயில் காலத்துக்கு அது சரி, வெள்ளத்துக்கு ஆகுமா? "தொறந்தா எங்க பயிரு பூடும்" என்று அவள் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு நின்றதை நீயே பார்த்தாய்.

அப்போதுதான் நீ வாயைத் திறந்தாய். ரோமாபுரியிலும் எப்போதும் இரண்டு தலைவர்கள், ஒருத்தர் செய்வதை மற்றவர் தடுக்கலாம், ஆனால் பகைவன் வாசலுக்கு வந்துவிட்டால் ஒரே ஆள் கையில் எல்லா அதிகாரத்தையும் கொடுப்பார்கள், ஆபத்து தீர்ந்ததும் வாங்கிக்கொள்வார்கள் என்று. "சித்திரை பொறந்தா சாவி ஒன் கைக்கு வந்துடும், நான் ஜவாப்தாரி" என்று நீ சொன்ன பிறகுதான் சின்னபொண்ணு முடிச்சை அவிழ்த்தாள்.

நீ ரயிலுக்குப் போன பிறகு நடந்ததைக் கேள். மதகைப் பாதிதான் திறந்தேன். மீதித் தண்ணீரை எங்கே விடுவது? தண்ணீர் வழிகிற கலங்கல் பக்கம் கரையை வெட்டி நம் சம்பா வயலுக்குள்ளேயே விட்டேன். கதிர் பால் பிடித்து நின்றது, வேணி. மம்மட்டியை ஓங்கும்போது கை நடுங்கியது. ஆனால் ஒரு வீடு விழவில்லை, கடைமடையில் முக்கால் பயிர் தப்பியது.

இரண்டு சாவியும் இப்போது என் அரைஞாண் கயிற்றில். நடந்தால் கிலுங்குகிறது. உன் அண்ணி தையல்நாயகி, "வர்றாரு பாரு ஜல்ஜல்லுனு, கோயில் மாடாட்டம்" என்கிறாள். சொல்லட்டும். பஞ்சாயத்துத் தலைவன் ஆகி இத்தனை வருஷத்தில் இப்போதுதான் ஊர் என் பேச்சைக் கேட்டது.

அண்ணன்,
விருத்தாசலம்


விழுப்புரம்,
28-11-1960

வணக்கத்துக்குரிய அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன், பிறகு சிரித்தேன். சம்பா வயலை வெட்டிய இடத்தில் அழுதேன், கோயில் மாட்டில் சிரித்தேன். அண்ணியிடம் சொல்லுங்கள்.

போன வெள்ளிக்கிழமை வகுப்பில் சின்சினாட்டஸ் என்ற ரோமாபுரிக்காரனைப் பற்றி நடத்தினேன். ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டு, படை சிக்கிக்கொண்டது, நீதான் இனி எல்லாம் என்றார்கள். வேர்வையைத் துடைத்துக்கொண்டு, பெண்சாதியிடம் மேலாடை வாங்கிப் போர்த்திக்கொண்டு போனான். ஜெயித்தான். ஆறு மாதம் ஆள அவனுக்குச் சட்டம் இடம் கொடுத்தது. அவன் பதினாறாம் நாளே அதிகாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வயலுக்கு வந்துவிட்டான். பெண்களிடம் எங்கள் ஊரிலும் ஒருவர் இருக்கிறார் என்று உங்களைப் பற்றிச் சொன்னேன். கைதட்டினார்கள்.

இன்னொரு வேடிக்கை. அப்படி ஒருவனுக்குச் சகல அதிகாரமும் உண்டு, ஆனால் குதிரைமேல் ஏற மட்டும் ஜனங்களிடம் அனுமதி கேட்க வேண்டும். உயரத்தில் உட்கார்ந்து பழகிவிடக் கூடாதாம். நீங்கள் சைக்கிளில் தாராளமாக ஏறலாம், யாரையும் கேட்க வேண்டாம்.

ஒன்றே ஒன்று அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். சின்னபொண்ணு உங்களை நம்பிச் சாவியைக் கொடுக்கவில்லை. என் வார்த்தையை நம்பிக் கொடுத்தாள்.

கிருஷ்ணவேணி


விழுப்புரம்,
30-4-1961

அண்ணாவுக்கு,

நேற்று மதியம் பள்ளிக்கூட வாசலில் ஒரு அம்மாள் நிற்பதாக வாட்ச்மேன் வந்து சொன்னார். போய்ப் பார்த்தால் சின்னபொண்ணு. ஒலக்கூரில் பாசஞ்சர் ஏறி, இறங்கி, விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறாள். மடியில் எனக்கென்று தோலோடு அவித்த மல்லாட்டை.

"டீச்சரம்மா, சித்திரை பொறந்து பாதி மாசம் ஆயிப்போச்சி. ஒங்க அண்ணன கேட்டா சிரிக்கறாரு. எங்க கேப்பை காஞ்சிக்கினு கெடக்குது, தலைமடைக்கு மட்டும் தண்ணி போவுது. நீதான ஜவாப்தாரின்னு சொன்ன? அதான் ஒங்கிட்ட வந்துட்டேன்."

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். இவர்களிடம்தானே உங்களைப் பற்றிப் பெருமை அடித்தேன்! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அண்ணா, மறந்துபோயிருப்பீர்கள், வேலை மும்முரமாக இருந்திருக்கும் என்றெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். நம்ப முடியவில்லை. அரைஞாணில் கிலுங்குகிற பொருளை எப்படி மறப்பீர்கள்?

சாவியைக் கொடுத்துவிடுங்கள். கொடுத்தேன் என்று ஒரு கார்டு போடுங்கள், போதும்.

கிருஷ்ணவேணி


அரியந்தாங்கல்,
11-5-1961

டீச்சரம்மாவுக்கு,

ஊர்க் கதை பேச உனக்குப் பாசஞ்சர் ரயிலில் ஆள் வருகிறதா? நல்லது.

நீ ஒரு கேள்வி கேட்டாய், நான் நாலு கேட்கிறேன். யார் பயிர் மூழ்கியது? யார் வீட்டு நெல் குதிர் காலியாகக் கிடந்தது? அன்றைக்குக் கரையை வெட்டினது யார்? வெட்டினவனுக்கு ஒரு வருஷம் ஏரியைப் பார்த்துக்கொள்ளக்கூட உரிமை இல்லையா? இரண்டு பேர் கையில் இருந்தபோது பாதி நாள் சண்டை, பாதி நாள் பேச்சுவார்த்தை. இப்போது நான் சொன்னால் திறக்கிறது, சொன்னால் மூடுகிறது. ஒரு பேஜாரும் இல்லை. தலைமடையில் யாரை வேண்டுமானாலும் கேள், விருத்தாசலமே வைத்துக்கொள்ளட்டும் என்பார்கள்.

உன் டிரங்குப் பெட்டியில் கிடந்த சரித்திரப் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். நீ ஏர் ஓட்டினவனைப் பற்றி மட்டும் எழுதினாய், மற்றதை ஒளித்துவிட்டாய். ஆறு மாதக் கெடுவை ரோமாபுரிக்காரனே பின்னால் தூக்கிப் போட்டிருக்கிறான். ஒருத்தன் கெடுவே இல்லாமல் ஆண்டான். அவனுக்குப் பின்னால் வந்த சீசர் ஆயுசு முழுக்க என்று வாங்கிக்கொண்டான். எத்தனை தேசம் ஜெயித்தான், ஆற்றுக்கு மேலே எப்படிப் பாலம் போட்டான், பார். இரண்டு பேர் பூட்டிக்கொண்டு நின்றால் பாலம் வருமா?

அதனால் பழைய பூட்டு இரண்டையும் கழற்றி மாட்டுக்கொட்டகையில் போட்டுவிட்டேன். திண்டிவனம் பஜாரில் திண்டுக்கல் பூட்டு ஒன்று வாங்கி மாட்டியிருக்கிறேன். ஒரே பூட்டு, ஒரே சாவி.

சின்னபொண்ணு சாவி சாவி என்று உயிரை எடுக்கிறாளே, அவள் சாவியை இந்தக் கவருக்குள்ளேயே வைத்திருக்கிறேன். கொடுத்துவிடு. நான் வாக்குத் தவறவில்லை. இஷ்டப்பட்ட இடத்தில் மாட்டிக்கொள்ளட்டும்.

நீ ஆடிக்கு இங்கே வர வேண்டாம். உன் கரும்பலகையைப் பார்.

விருத்தாசலம்


விழுப்புரம்,
18-6-1961

அண்ணா,

கவரைப் பிரித்ததும் சாவி மேஜைமேல் விழுந்தது. பூட்டே இல்லாத சாவி. இப்படி ஒரு கேலியை நீங்கள் செய்வீர்கள் என்று வேறு யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

சரித்திரம் படித்தீர்கள், சந்தோஷம். ஆயுசு முழுக்க வாங்கிக்கொண்டவன் கதைக்கு அடுத்த பக்கத்தைப் புரட்டினீர்களா? புரட்டாவிட்டால் விடுங்கள். அதைச் சொல்லி உங்களைப் பயமுறுத்த மாட்டேன். நம் ஊரில் யாரும் கத்தி எடுக்கிறவர்கள் இல்லை, எனக்கும் அண்ணன் வேண்டும்.

அதற்கு ரொம்ப முன்னால் வேறொரு பக்கம் இருக்கிறது. ரோமாபுரியின் சண்டைகளுக்கெல்லாம் ஏழை ஜனங்கள்தான் சிப்பாய்கள். சாகிறதற்கு அவர்கள் வேண்டும், பேச்சுக்கு வேண்டாம். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்கள். ஒரு நாள் படை முழுவதும் எழுந்து ஊருக்கு வெளியே ஒரு மலைக்குப் போய் உட்கார்ந்துவிட்டது. ஒருவரையும் அடிக்கவில்லை, ஒன்றையும் கொளுத்தவில்லை. உங்கள் ஊரை நீங்களே காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று சும்மா உட்கார்ந்தார்கள்.

புரட்டாசியில் தண்டோரா போட்டு, வீட்டுக்கு ஒரு ஆள் மண் வெட்டவும் சுமக்கவும் வாருங்கள் என்று ஏரி மராமத்துக்குக் கூப்பிடுவீர்களே, அப்போது இந்தப் பக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் சின்னபொண்ணு மறுபடியும் இங்கே வந்தாள், சாவியை அவளிடம் கொடுத்துவிட்டேன். தாலிக்கயிறு கிடந்த கழுத்தில் இப்போது அதைப் போட்டுக்கொண்டிருக்கிறாள். கூடவே இந்தக் கதையையும் சொன்னேன். உங்களுக்குத் தெரியாமல் செய்ய விரும்பவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

வர வேண்டாம் என்று எழுதினீர்கள். அரியந்தாங்கல் எனக்கும்தான் ஊர். வருவேன்.

கிருஷ்ணவேணி


அரியந்தாங்கல்,
24-9-1961

வேணிக்கு,

உனக்குத் திருப்திதானே?

தண்டோரா போட்டேன். கடைமடையிலிருந்து ஒரு குஞ்சு வரவில்லை. மொத்தப் பேரும் சட்டி பானையோடு ஊருக்கு மேற்கே இருக்கிற பாறைமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கேயே கேப்பைக் கூழ் காய்ச்சுகிறார்கள், அங்கேயே படுக்கிறார்கள். தலைமடைக்காரர்கள் வந்தார்களா என்றால், பாதிப் பேருக்கு இடுப்பு வலி, மீதிப் பேருக்குக் கல்யாணம். விருத்தாசலமே வைத்துக்கொள்ளட்டும் என்றவர்கள், கூடை என்றதும் விருத்தாசலமே சுமக்கட்டும் என்கிறார்கள்!

உன் புத்தகத்தில் அந்த மலைக் கதையைத் தேடிப் படித்தேன். நீ மறுபடியும் பாதியைத்தான் எழுதியிருந்தாய். பெரிய மனிதர் ஒருவர் மலைக்குப் போய் வயிற்றுக் கதை சொல்லிச் சமாதானம் செய்தார் இல்லையா? கை கால்கள் எல்லாம் வயிற்றின்மேல் கோபித்துக்கொண்டு வேலையை நிறுத்தினவாம், வயிறு காய்ந்ததும் கை கால்களும் சேர்ந்து துவண்டனவாம். நல்ல கதை என்று நானும் பாறைக்குப் போய்ச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டார்கள். சின்னபொண்ணு சொன்னாள்:

"கதை நல்லாத்தாங்க இருக்குது. ஆனா வயித்துக்குப் பூட்டு போட்டு சாவிய இடுப்புல சொருவிக்கினா, கை இன்னாங்க பண்ணும்?"

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் உன் அண்ணி குரலும் கேட்டது. ஆமாம், தையல்நாயகி அங்கேதான் இருக்கிறாள். கூழுக்கு மோர் கொண்டுபோனவள் திரும்பி வரவில்லை. நான் பழைய சோற்றைப் பிழிந்து தின்றுவிட்டு இதை எழுதுகிறேன்.

போன வருஷம் வெட்டின இடத்தில் கரை இன்னும் பச்சைப் புண்ணாக இருக்கிறது. நண்டு வளை வேறு. ஐப்பசி மழை வந்தால் அந்த இடம்தான் முதலில் போகும். அப்போது உன் ரோமாபுரியா வந்து மண் சுமக்கும்? ஏரி உடைந்தால் அந்தப் பழி உன்மேல், எழுதி வைத்துக்கொள்.

நான் இறங்கிப்போவேன் என்று மட்டும் நினைக்காதே.

விருத்தாசலம்


விழுப்புரம்,
28-9-1961

அண்ணா,

வயிற்றுக் கதையைச் சொன்னீர்களா! அது முடிகிற இடம் வரைக்கும் படிக்காமலா போனீர்கள்? கதையைக் கேட்டுவிட்டு மட்டும் அவர்கள் மலையிலிருந்து இறங்கவில்லை. எங்களுக்கென்று ஆள் வேண்டும், தலைவர்கள் தப்பாக ஒன்றைச் செய்யும்போது நடுவில் நின்று கூடாது என்று சொல்ல அந்த ஆளுக்கு உரிமை வேண்டும், அவர்மேல் யாரும் கை வைக்கக் கூடாது என்று கேட்டார்கள். அது கிடைத்த பிறகுதான் இறங்கினார்கள். அந்த ஆள் வீட்டுக் கதவு ராத்திரியிலும் சாத்தாமல் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு, எந்நேரமும் யாரும் வந்து குறை சொல்லலாம் என்று.

ரோமாபுரிக்காரர்கள் மலைக்குப் போய் வாங்கினதை நம் ஊரில் யாரோ ஒரு புண்ணியவான் ஒரு பூட்டாகச் செய்து மதகில் மாட்டிவைத்திருந்தான். அதைத்தான் நீங்கள் மாட்டுக்கொட்டகையில் போட்டீர்கள்.

பழி என்மேல் என்றீர்கள். சரி, ஏற்றுக்கொள்கிறேன். சாவியைக் கொடு என்று சொன்னவள் நான். ஜவாப்தாரி என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டவள் நான். அதனால் சனிக்கிழமை வருகிறேன். வீட்டுக்கு அல்ல, பாறைக்கு. பழைய பூட்டு மதகுக்குத் திரும்பினால் அன்றைக்கே நானும் கூடை எடுக்கிறேன்.

அண்ணா, தன் நெல்லைத் தானே கரை வெட்டி மூழ்கடித்தாரே ஒருவர், அவரைத்தான் நான் வகுப்பில் பெயர் சொல்லிக் கைதட்டல் வாங்கினேன். அவர் அந்த வீட்டில் இருந்தால் கொஞ்சம் கூப்பிட்டுவிடுங்கள். அவரிடம் பேச வேண்டும்.

கிருஷ்ணவேணி


அரியந்தாங்கல்,
26-10-1961

அன்புத் தங்கை வேணிக்கு,

தோற்றுவிட்டேன் என்று எழுதுவேன் என்று பார்க்காதே. நடந்ததை எழுதுகிறேன், நீயே பெயர் வைத்துக்கொள்.

சனிக்கிழமை நீ பாறைமேல் உட்கார்ந்திருந்துவிட்டு, நம் வாசலை மிதிக்காமலே ரயிலுக்குப் போனாய். எனக்கு வந்த ஆத்திரத்தில் மம்மட்டியையும் கூடையையும் எடுத்துக்கொண்டு தனியாகவே கரைக்குப் போனேன். ஒரு ஆள் காப்பாற்றின ஏரியை ஒரு ஆளே அடைத்துக் காட்டுகிறேன் என்று வைராக்கியம். தினமும் போனேன். நானே வெட்டி, நானே தூக்கி, நானே கொட்டினேன். தலைமடைக்காரர்கள் அரசமரத்தடியில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பாறைக்காரர்கள் மேலிருந்து பார்த்தார்கள். ஒருத்தர் ஏசியிருந்தால் நான் பத்தாக ஏசியிருப்பேன்.

ஐப்பசி பிறந்த அன்றைக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்தது. முதல் தூறலிலேயே நான் போட்ட மண் கரைந்து காலடியில் வழிந்தது. சறுக்கி முட்டி உடைய விழுந்தேன். எழுந்து பார்த்தால் சின்னபொண்ணு எதிரே நிற்கிறாள், கழுத்தில் சாவியோடு.

"இன்னாடி வேடிக்கை? ஜல்தியா போயி கூடைய எட்தாந்து போடு. பூட்டப் பத்தி அப்பறம் பேசலாம்" என்றேன்.

"போன வருசமும் அப்பறம்னுதாங்க சொன்னீங்க" என்றாள். பிறகு, "ஒங்க வயல வெட்னப்ப நானும் ஒரு பக்கம் மம்மட்டி புடிச்சேன். ஒங்க கை நடுங்கிக்கினு இருந்துச்சி, பாத்தேன். இந்தூர்ல யாரும் செய்யாததுங்க அது. அதுக்காவ காலத்துக்கும் கையெடுத்துக் கும்புடறேன். ஆனா பூட்டு வேறங்க" என்றாள்.

வேணி, அந்த வயலைப் பற்றி இத்தனை மாதத்தில் யாரும் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவள் சொன்னதும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. மழையில் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

வீட்டுக்குப் போய் மாட்டுக்கொட்டகையைக் கிளறினேன். நம் பூட்டு கிடைத்தது. அவர்கள் பூட்டு சாணத்துக்குள் புதைந்து துருப்பிடித்துக் கிடந்தது. கழுவி, மல்லாட்டை எண்ணெய் ஊற்றி, கரைக்குக் கொண்டுவந்து என் கையாலேயே மாட்டினேன். திண்டுக்கல் பூட்டைக் கழற்றி ஏரிக்குள் எறிந்தேன், நல்ல பூட்டு அது. சின்னபொண்ணு கழுத்திலிருந்து சாவியை எடுத்துத் தன் பூட்டை இரண்டு தரம் பூட்டித் திறந்து பார்த்துக்கொண்டாள். என்னை நம்பவில்லை பார், இத்தனைக்கும் பிறகு! அப்புறம் பாறையைப் பார்த்துக் கையை ஆட்டினாள். கூடைகளோடு இறங்கினார்கள். முதல் கூடை உன் அண்ணியுடையது. என் பக்கத்தில் கொட்டிவிட்டு, "மோர் புளிச்சிப்பூட்ச்சி" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. பொழுது சாய்வதற்குள் கரை எழுந்துவிட்டது. இதுவரை பெய்த மழைக்கு நிற்கிறது.

முடிந்தது என்று நினைக்காதே. இனிமேல்தான் விஷயம்.

நேற்று நாற்றங்காலுக்குத் தண்ணீர் வேண்டுமென்று மதகுக்குப் போனேன். என் பூட்டைத் திறந்துவிட்டு நின்றேன். சின்னபொண்ணு வந்தாள், ஏரியைப் பார்த்தாள், மாட்டேன் என்று தலையாட்டினாள். "இப்ப முடியாதுங்க. ஏரி இன்னும் ரொம்பட்டும். ரெண்டு மடைக்கும் பாயறப்ப சேத்து தொறக்கலாம்."

எனக்கு! பஞ்சாயத்துத் தலைவனுக்கு! ஊர் மொத்தமும் பார்த்துக்கொண்டு நின்றது. எனக்கு வந்த கோபத்தை எழுதினால் தபால்காரன் இந்தக் கவரைத் தொட மாட்டான். கத்தினேன். கால் மணி நேரம் கத்தினேன். அவள் சாவியைக் கழுத்திலிருந்து கழற்றவே இல்லை. கடைசியில் என் பூட்டையும் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து ஏரை எடுத்துக்கொண்டு மேட்டுக் கொல்லைக்குப் போய்விட்டேன்.

உன் புத்தகத்தைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். ஆயுசு முழுக்க வாங்கினவன் கதைக்கு அடுத்த பக்கத்தை இப்போதுதான் புரட்டினேன். பெரிய ஜென்மம், பாவம்.

தீபாவளிக்கு வீட்டுக்கு வா. வரும்போது சின்னபொண்ணிடம் ஒன்று சொல்லி வை. தையில் கடைமடைக்குத் தண்ணீர் வேண்டுமென்று அவர்களும் மதகுக்கு வருவார்கள். அன்றைக்கு என் சாவியும் என் இடுப்பில்தான் இருக்கும். எனக்கும் முடியாது என்று சொல்லத் தெரியும்.

அண்ணன்,
விருத்தாசலம்